வண்டிப்பேட்டைக்குப் போன பிடியரிசி

நம் வயதுக்காரர்கள் இப்போது சொற்பம். எல்லாரும் கூடினால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். இருந்தாலும் இந்தக் கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் பேத்தியிடம் ஒருமுறை ஆரம்பித்தேன். பிடியரிசி என்றால் என்ன என்று கேட்டாள். உலையில் போட அரிசி களைவதற்கு முன்னால் வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு தகர டப்பாவில் போடுவாள், அது கோயிலுக்கு என்றேன். அதற்கு ஏன் பிடிபிடியாக, ஒரு மூட்டையாகவே வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றாள். மூட்டையாக அரிசி வாங்கும் வீட்டில் பிறந்தவள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கோச்சடை. அப்போது அது மதுரையோடு சேராத தனி ஊர். ஒரு பக்கம் வைகை, மறு பக்கம் நெல் வயல், நடுவே தென்னந்தோப்பு. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி எங்கள் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஓடு போட்ட எங்கள் கோயில். கிறிஸ்தவர்கள் என்பதால் வேதக்காரர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். எங்கள் தாத்தா காலம்வரை சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரிகளின் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, அவர்கள் வாசலுக்கு எட்ட நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் நாங்கள். அப்பா காலத்தில்தான் மில் வேலை, ரயில்வே வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போய், மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்தோம். அப்பா மில்லில். அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. எங்கள் சபையில் வயதிலும் குரலிலும் பெரியவர் அவர்தான். ஜெபம் செய்யவும் பிரசங்கம் பண்ணவும் வெளியூரிலிருந்து வந்த உபதேசியார் ஒருவர் இருந்தார். ஆனால் பெரியப்பா தலையசைக்காமல் கோயில் விளக்குக்கு எண்ணெய்கூட ஊற்ற மாட்டார்கள்.

பெரியப்பா பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புருஷனுக்கு மூத்தவரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அதனால் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே தபால்காரி நான்தான். இருவரும் ஒரே முற்றத்தில் மூன்று முழ தூரத்தில் நிற்பார்கள். அம்மா என்னைப் பார்த்து, "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று ஆரம்பிப்பாள். அவருக்கு எல்லாம் காதில் விழும். இருந்தாலும் நான் திரும்பி நின்று அதை மறுபடி சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த உத்தியோகம் எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

பிடியரிசிக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் வீட்டு டப்பாக்களைக் கோயிலில் ஒரு பெரிய குதிரில் கொட்டுவோம். ஒரு வீட்டில் சிவப்பரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, முடியாத வீட்டில் குருணை. எல்லாம் ஒன்றாகக் கலந்து, பார்க்க வேடிக்கையாக இருக்கும். இந்த அரிசியைச் சோறாக்கினால் ஒன்று குழைந்து போகும், ஒன்று பல்லில் கடிபடும். இருந்தாலும் வருஷம் முழுவதும் சேர்த்து, கிறிஸ்மஸ் அன்று கோயில் வளாகத்தில் பந்தி போட்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கு அசனம் என்று பெயர். கம்பும் சோளமும் தின்று வளர்ந்த எங்களுக்கு, வயிறு முட்ட நெல்லுச்சோறு கிடைக்கிற நாள் அது. கார்த்திகை பிறந்தாலே பிள்ளைகள் அசனத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ரெண்டாவது யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி. சமயநல்லூருக்கு அப்பால் ஒரு கண்மாய் உடைத்துக்கொண்டது. கரைக்குக் கீழே இருந்த ஒரு சிறிய ஊர் வீடு வாசலோடு போய்விட்டது. அந்த ஊர்ச் சனம் நனைந்த மூட்டையும் ஆடும் மாடுமாக ரோட்டைப் பிடித்து நடந்து வந்து, எங்கள் ஊர் வண்டிப்பேட்டையில் ஒதுங்கியது. மதுரைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிவரும் மாட்டு வண்டிகள் இரவு தங்கிப் போகிற இடம் அது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர் கிடையாது. மழைக்கு வண்டிகள் வரவில்லை என்பதால் காலியாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், எல்லாம் சம்சாரிகள். வந்த மறுநாளே அவர்களில் ஒருத்திக்கு அங்கேயே, சாக்குத் தடுப்புக்குப் பின்னால், பிரசவம் ஆகிவிட்டது. புருஷன்காரன் மண்ணடித்துப் போன வயலைப் பார்க்க ஊருக்குத் திரும்பியிருந்தான். மாமனார்தான் கூட இருந்தார்.

பேட்டையைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஈர வைக்கோலும் சாணியும் கலந்த வாடை ரோடு வரைக்கும் வரும். அதோடு அந்தக் குழந்தையின் அழுகையும் வரும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எப்புடி அழுதுச்சு, அழுது காட்டு" என்றாள். பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாக அழுது காட்டினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "பால் இல்ல" என்றாள். எனக்குப் பின்னால் பிறந்த தம்பி ஒருவன், அழக்கூடத் தெம்பில்லாமல் போனவன். அவனைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எப்புடி அழுதுச்சு?" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வாசலில் நின்று பேச்சை எடுத்தார். அசனத்துக்குச் சேர்த்த அரிசி குதிரில் இருக்கிறது, பேட்டையில் பசியோடு இருக்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்றார். நம்புங்கள், ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அசனம் போச்சே என்று எனக்கு மட்டும் வருத்தம். குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. கோயில் வளாகத்திலேயே ஆக்கிக் கொண்டுபோவோம் என்றார் உபதேசியார்.

பெரியப்பா தலையாட்டினார், இல்லை என்று.

"ஐயா, நீங்க அசலூரு. இங்கத்த நெலவரம் உங்களுக்குத் தெரியாது. அவுக சம்சாரிக. நம்ம கையால ஆக்குனத எப்புடிக் குடிப்பாக? பசிச்சுக் கெடக்கவுகளுக்கு முன்னால சோத்தக் கொண்டுபோய் வச்சு, வேணாம்னு அவுக வாயால சொல்ல வைக்கிறது பாவம். அரிசியாக் குடுத்துருவோம். அவுகளே ஆக்கித் தின்னுக்கிடுவாக. அதுதான் மரியாதை."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, வன்மமாகவும் சொல்லவில்லை. மற்றவர் மனம் நோகக் கூடாதே என்ற கவலையில் சொன்னார். அப்பாவும் மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா மட்டும் என் தோளைத் தொட்டாள்.

"உங்க பெரியப்பாகிட்டக் கேளு, பெத்துக் கெடக்கவ எந்திரிச்சு உலை வைப்பாளாக்கும்?"

கேட்டேன்.

"உங்க அம்மாகிட்டச் சொல்லு, அம்புட்டுப் பேர்ல ஆக்கிப்போட ஆள் இல்லாமயா போகும்?"

சொன்னேன். 

மறுநாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அரிசி போனது. கூடவே துவரம்பருப்பு, உப்பு, மிளகாய். பெரியப்பா முன்னால் நடப்பார், அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் சுளகைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் அது, நானும் பார்ப்பேன். பேட்டைக்கு முன்னால் ஒரு கல் கிடந்தது. அதன்மேல் சுத்தமான சாக்கை விரித்து, சுளகை வைத்துவிட்டு, எல்லாரும் பின்னால் நகர்ந்து புளியமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பெரியப்பா தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ரயில்வேத் துரை வந்தபோதுகூட அவர் துண்டை எடுத்ததில்லை. அவருடைய அப்பாவைப் பார்த்துப் படிந்த பழக்கமாக இருக்க வேண்டும். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரிந்திருக்காது.

பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பெற்றவளின் மாமனார் அவர்தான். தலையில் வெள்ளை முடி, நெஞ்செலும்பு தெரிகிற உடம்பு, ஆனால் நடை நிமிர்ந்த நடை. கல் அருகே வந்து சுளகை எடுப்பார், எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விடுவார். "ஒரு நல்ல வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிரும்?" என்று அப்பா வழியில் முணுமுணுத்தார். "கஷ்டத்துல இருக்காக, விடு" என்றார் பெரியப்பா.

இதற்கிடையே சுகாதார ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து, பேட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடியைக் கோடு போட்டதுபோல் தூவிவிட்டுப் போனார். வெள்ளம் வந்த ஊரில் வாந்திபேதி வரும் என்பதற்கான முன்ஜாக்கிரதை. அங்கே யாருக்கும் நோய் இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போக ஆரம்பித்தார்கள்.

நான் தினமும் அழுது காட்டிக்கொண்டிருந்தேன். அரிசி போன பிறகு அழுகை பெரிதாகும் என்று அம்மா எதிர்பார்த்தாள். ஆகவில்லை. நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் நான் அழுது காட்டியபோது, "இம்புட்டுத்தானா? சத்தமே வரலையே" என்றாள். "அம்புட்டுத்தான் அழுதுச்சு" என்றேன். அம்மா கையில் இருந்த முறத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

பிறகு இட்லி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் இட்லி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் இட்லி அவிக்கிற சனம் நாங்கள். ரோட்டோரம் பூவரச மரத்தடியில் ஓர் அக்கா இட்லி விற்றாள். வண்டிக்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. அன்றைக்குப் பெரியப்பா வீட்டுக்கு ரயில்வேக்காரர் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். இட்லி வாங்கிவர என்னை அனுப்பினார்கள். இலையில் பொட்டலத்தைப் பிரித்தால் இட்லி வெள்ளையாக இல்லை. இளஞ்சிவப்பாக, அங்கங்கே குருணை தட்டுப்பட, யாரும் பார்த்திராத இட்லி. பெரியப்பா ஒரு விள்ளல் பிட்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். உலகத்தில் அப்படிக் கலந்த அரிசி ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு.

விருந்தாளியை அனுப்பிவிட்டு நேரே பூவரச மரத்தடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அக்காவுக்குப் பக்கத்தில் சாக்கில் எங்கள் அரிசி இருந்தது.

"இது எங்க பிடியரிசியில்ல?"

"எவுக அரிசின்னு எனக்கு எப்புடிண்ணே தெரியும்? பேட்டையில இருக்கவுக கொண்டாந்து குடுக்காக. நான் அதுக்கு இட்லி குடுக்கேன்."

பெரியப்பா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஏன் குடுக்காக என்று கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் அவளும் பதில் சொன்னாள். அவர் முகம் எப்படி ஆகிவிட்டது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கோபம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது கோபத்தைவிட வருத்தம்தான்.

சாயங்காலம் கோயில் வாசலில் சபை கூடியது. "நம்ம வீட்டுப் பிள்ளைக வாயக் கட்டிச் சேத்த அரிசி" என்றார் பெரியப்பா. "கம்பங்கூழக் குடிச்சுக்கிட்டு நாம குடுத்தத, வித்து இட்லி திங்கிறாக. நாம ஆக்குறத மட்டுமில்ல, நாம குடுக்கிற அரிசியே அவுகளுக்கு மட்டமாத் தெரியுது." உபதேசியார் எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இனி அரிசி போக வேண்டாம், மிச்சத்தில் அசனம் வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அசனம் திரும்பி வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அம்மா பக்கம் திரும்பினேன். அவள் என்னை எதுவும் கேட்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பேட்டையைத் தாண்டும்போது நின்று காது கொடுத்தேன். தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது, ஓர் ஆடு கத்தியது. குழந்தைச் சத்தம் இல்லை. சாயங்காலமும் இல்லை.

"இன்னைக்கு அழவே இல்லம்மா."

அம்மா அம்மிக் குழவியை அப்படியே நிறுத்தினாள். அப்புறம் அவள் செய்ததெல்லாம் வேக வேகமாக நடந்தது. அந்த வாரப் பிடியரிசி டப்பாவை எடுத்து அப்படியே உலையில் கவிழ்த்தாள். பெரிய பூண்டாகப் பார்த்து உரித்துப் போட்டாள், வெந்தயம் போட்டாள், குழையக் குழைய வேகவிட்டுக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். சோறாக்கினால் உருப்படாத எங்கள் வீட்டுக் குருணை கஞ்சிக்கு என்னமாய்ப் பொருந்தியது. வீடெல்லாம் பூண்டும் கருப்பட்டியும் மணந்தது. புழங்காத புது மண்கலயம் ஒன்றை இறக்கி, கழுவி, அதில் ஊற்றித் துணியால் கட்டினாள். அப்பா மில்லில் இருந்தார். யாரிடமும் கேட்கவில்லை.

"வேணாம்னு சொல்லிட்டாகன்னா?" என்றேன்.

"திருப்பி எடுத்துட்டு வாரேன். கலயம் என்ன, கடிச்சா வைக்கப் போகுது?"

தலைக்குச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் போனோம். அம்மாவும் மற்றவர்களைப் போலத்தான் செய்தாள். கலயத்தைக் கல்லின்மேல் வைத்தாள், பின்னால் நகர்ந்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தாள். பெரியவர் வெளியே வந்து பார்த்தார்.

"ஏம்மா, அதுல என்ன?"

"கஞ்சிங்க ஐயா. பெத்தவளுக்கு. கலயம் புதுசு. காய்ச்சுனது நாந்தான்." கடைசி வார்த்தையை அம்மா அழுத்திச் சொன்னாள். தெரியாமல் குடித்துவிட்டோமே என்று பின்னால் அவர்கள் வருத்தப்படக் கூடாதாம்.

"அத எதுக்கு அங்கன வச்சுட்டு ஓடுற?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்கு நோய் நொடி ஒண்ணும் இல்லம்மா. அந்தாளுதான் பொடியத் தூவிட்டுப் போயிட்டான். நீங்களும் வாரீக, நாய்க்கு வைக்கிற மாதிரி எட்ட வச்சுட்டு ஓடிப்போய் நிக்கிறீக. ஊரு போச்சு, வீடு போச்சு, சரி. மனுசங்கிற எண்ணங்கூடவா போயிருச்சு?"

"ஐயையோ, அதுக்கில்லங்க ஐயா" என்றாள் அம்மா. "நாங்க கிட்ட வந்தா உங்களுக்கு ஆகாதேன்னுதான் எட்ட நின்னோம். எங்க கையால ஆக்குனா குடிக்க மாட்டீகளேன்னுதான் அரிசியாக் கொண்டாந்தோம்."

நான் இதைப் பூசி மெழுகிச் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு நோய் பயம் இல்லை என்று தெரிந்ததில் பெரியவர் முகம் இளகியது உண்மை. ஆனால் கஞ்சி வேறு சங்கதி. அவர் கலயத்தைப் பார்த்தார். திரும்பித் தன் சனத்தைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு மூத்த பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா கலயத்தைத் திரும்ப எடுப்பதற்குக் கல் அருகே போய்க் கை நீட்டிவிட்டாள்.

அப்போது சாக்குத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் பேசினாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"மாமா, அதக் கொண்டாரச் சொல்லுங்க. மத்ததப் பெறகு பேசிக்கிடலாம். பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீக?"

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். எங்கள் ஆட்கள் சம்சாரிகளுக்கு வழிவிட்டுத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மா கலயத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போனாள், நான் அவள் சேலையைப் பிடித்தபடி போனேன்.

அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. கலயத்தை ரெண்டு கையாலும் பிடித்து, ஊதக்கூட இல்லாமல் குடித்தாள். குழந்தை துணிக்குள் கண்ணை மூடிக் கிடந்தது. அம்மா அதை மடியில் போட்டு மூக்குக்கு அருகே விரலை வைத்தாள். அப்புறம்தான் அம்மா மூச்சுவிட்டதை நான் கேட்டேன். குழந்தையின் பாதத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அரிசி குடுத்தோமே, ஆக்கித் திங்கலையா?"

"எதுலக்கா ஆக்க? இருக்கது ஒரே சட்டி, அதுவும் விரிசல். வெறகு பூராம் ஈரம். ஊதி ஊதிக் கண்ணு வீங்குனதுதான் மிச்சம். இட்லிக்கார அக்காதான் பாவம் பாத்து அரிசிய வாங்கிக்கிட்டு இட்லி குடுத்துச்சு. அதுவும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பத்துச்சு. நாங்க அரிசிய ஊறப்போட்டு மென்னுக்கிட்டுக் கெடந்தோம்."

"ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கிட்ட நின்னாத்தானக்கா சொல்ல?"

அம்மா அழுதுவிட்டாள். வீட்டில் எத்தனையோ கஷ்டத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது நேரே எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பெரியப்பா வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். நான் சொல்லத் தயாராக நிமிர்ந்தேன். ஆனால் விஷயம் என் வழியாகப் போகிற அளவில் இல்லை. பாதியில் என்னை விட்டுவிட்டு நேராக அவரையே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். விரிசல் விட்ட சட்டி, ஈர விறகு, ஊறப்போட்ட அரிசி, மூச்சு மட்டும் இருந்த குழந்தை, எல்லாம்.

"அத்தான், எட்ட நில்லுன்னு அவுக சொல்லல. நாமளாத்தான் நின்னோம்."

எனக்கு வேலை போய்விட்டதே என்று இருந்தது. பெரியப்பா ஈரக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் மரியாதைன்னுல நெனச்சேன்" என்றார்.

அந்த மனிதரை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்டதெல்லாம் எட்ட நிற்கிற மரியாதை ஒன்றைத்தான். வாழ்நாள் முழுக்க வாங்கியதை அவர் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். பெரியவருக்கும் அப்படித்தான். எட்ட நிற்கிறவர்களை அவர் வீட்டு வாசலில் தினமும் பார்த்திருப்பார். தன் முன்னால் ஒருவன் அப்படி நின்றபோது மட்டும் அது நாய்க்கு வைப்பதுபோல் தெரிந்தது. இதெல்லாம் எனக்குப் பிள்ளை பெற்று, வீடு கட்டி, தலை நரைத்த பிறகு புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். அம்மா பெரியப்பாவோடு பேசிவிட்டாள், கூரை இடிந்து விழவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா ரயில்வேயில் கழித்துப் போட்ட காய்ந்த கட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். அசனத்துக்கு வைத்திருந்த பெரிய அண்டாவைக் கோயில் வளாகத்தில் அடுப்பேற்றினார்கள். பெண்கள் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். தினமும் சூடாகப் பேட்டைக்குப் போனது, படியேறி உள்ளேயே போனது. எல்லாரும் குடித்தார்கள் என்று சொன்னால் பொய். முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மூத்த பெண் கடைசிவரை ஒரு வாய் குடிக்கவில்லை. அவளுக்கு மட்டும் தனியாக அரிசி கொடுத்தோம், அவள் இட்லி வாங்கித் தின்றாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. இட்லிக்கார அக்காவும் ஒருநாள் வந்து, "ஒரு வார்த்த கேட்டிருந்தா நாஞ் சொல்லியிருக்க மாட்டேனாண்ணே?" என்று பெரியப்பாவை வறுத்தெடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்தேன். அம்மா கேட்கும்வரை காத்திருக்கவில்லை. முற்றத்தில் நின்று, தொண்டை கிழிய, கையைக் காலை உதறி அழுது காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். "இம்புட்டா? நெசமாவா?" என்று அம்மா கேட்டாள். இன்னும் ஒருமுறை அழச் சொன்னாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் எங்கள் வீட்டுக்குள் வந்த நிம்மதியைப் போல் இன்னொன்றை நான் பிறகு ரெண்டு மூன்று தடவைதான் அனுபவித்திருக்கிறேன்.

கிறிஸ்மஸ் வந்தபோது குதிரில் அரிசி அடி தட்டிப் போயிருந்தது. வீட்டுக்கு வீடு ஒன்றுக்கு ரெண்டு பிடியாகப் போட்டு ஏதோ ஒப்பேற்றினார்கள். பேட்டையில் இருந்தவர்களையும் அசனத்துக்குக் கூப்பிட்டுவர உபதேசியாரே போனார். பாதிப் பேர் வந்தார்கள். அந்தப் பெண் குழந்தையோடு வந்தாள், பெரியவரும் வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் உபதேசியார் ஜெபம் செய்ய எழுந்தார். அவர் ஜெபம் ஆரம்பித்தால் ஆதாமில் தொடங்கி அன்றைய தினத்துக்கு வர நேரமாகும். கண்ணை மூடி ரெண்டு வார்த்தைதான் சொன்னார், குழந்தை வீறிட்டது. தென்னந்தோப்பில் இருந்த காக்கைகள் பறக்கிற அளவுக்கு ஒரு வீறல். அவர் குரலை உயர்த்தினார், அதுவும் உயர்த்தியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்த உபதேசியார், "பிள்ளைக்குப் பசிக்குது ஆண்டவரே, ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சோறு வழக்கம்போல் பாதி குழைவும் பாதி விறைப்புமாக இருந்தது. சாம்பார் வாளியைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். எங்கள் வரிசைக்கு ஊற்றிக்கொண்டே வந்தவர், பெரியவரின் இலை அருகே வந்ததும் தன்னையறியாமல் ஒதுங்கி நின்றார். உடம்பை வளைத்து, கையை மட்டும் நீட்டி, எட்டத்திலிருந்தே கரண்டியைச் சாய்த்தார். பாதி இலையில் விழுந்தது, பாதி பெரியவரின் வேட்டியில் விழுந்தது. பெரியவர் வேட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

"கிட்ட வந்து ஊத்துங்கண்ணே" என்றார். "அம்புட்டுத் தூரத்துல நின்னா எப்புடி இலையில விழும்?"

எங்கள் தெருவில் யாரையும் ஒரு சம்சாரி அண்ணே என்று கூப்பிட்டு அதுவரை நாங்கள் கேட்டதில்லை. பெரியப்பா கிட்டப் போனார். குனிந்து ஊற்றினார். போதும் போதும் என்று பெரியவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டுகிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.